மார்கழிக் குளிரில் கவ்வாத விரால், ரெண்டு நாள் வெயிலுக்கு ஏன் தூண்டிலுக்கு ஓடி வருது? திருவாரூர் குளங்களில் நடப்பது என்ன?

மார்கழி மாதம் விடியற்காலையில் திருவாரூர் பக்கம் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். ஓடம்போக்கி ஆற்றங்கரை, வெட்டாற்று மதகு, ஊர்க்குளத்துப் படித்துறை என எல்லா இடத்திலும் தூண்டிலோடு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். காதை மூடித் துண்டு, பக்கத்தில் மண்புழு டப்பா. தக்கை மட்டும் அசையாது. "தண்ணி குளுந்து கெடக்கு, கடிக்காது" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போவார்கள்.

அதே குளத்தில் ரெண்டு மூணு நாள் தொடர்ந்து நல்ல வெயில் அடித்தால் கதையே வேறு. மதியம் பதினோரு மணிக்கு மேல் விரால் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகிறது. கெளுத்தி புழுவை இழுக்கிறது. காலையில் வெறுங்கையோடு போனவர் சாயங்காலம் கோர்வையாக மீனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

இது அதிர்ஷ்டமா, அறிவியலா? அமெரிக்கா, ஐரோப்பாவில் டிரவுட் மீன் பிடிப்பவர்களும் குளிர்காலத்தில் வெயில் எட்டிப் பார்க்கும் நாளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். யூடியூபில் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம்ம ஊர்க் குளத்தில் முயற்சி செய்கிறவர்களும் உண்டு. ஆனால் டிரவுட் கணக்கு வேறு, விரால் கணக்கு வேறு. அதோடு, இந்தக் குளிரும் வெயிலும் மாறி மாறி வருவதில் மீன் வளர்ப்பவர்களுக்குப் பெரிய நஷ்டமும் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மீனுக்குக் குளிருமா?

நமக்குக் குளிர்ந்தால் போர்வையைப் போர்த்திக்கொள்கிறோம். வெளியே என்ன குளிர் இருந்தாலும் உடம்புக்குள் 37 டிகிரி செல்சியஸ் மாறாது. மீனுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் என்ன வெப்பமோ, ஏறக்குறைய அதுதான் மீனின் உடல் வெப்பம். தண்ணீர் குளிர்ந்தால் இதயத் துடிப்பு, செரிமானம், நீந்தும் வேகம் எல்லாமே இறங்கிவிடும். தண்ணீரின் வெப்பம் 10 டிகிரி கூடினால் மீனின் உடல் இயக்கம் சுமார் இரண்டு மடங்காகும், 10 டிகிரி குறைந்தால் பாதியாகும் என்பது உயிரியலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

செரிமானம் மெதுவானால் பசியும் மெதுவாகத்தான் எடுக்கும். நேற்று தின்ற தவளைக்குஞ்சு இன்னும் வயிற்றில் கிடக்கும்போது விரால் எதற்காகப் புழுவைத் துரத்தப் போகிறது? மீன் கடிக்கவில்லை என்றால் குளத்தில் மீனே இல்லை என்று அர்த்தமில்லை. அடியில், சேற்றை ஒட்டி, சும்மா கிடக்கிறது. அவ்வளவுதான்.

"திருவாரூரில் அப்படி என்ன பெரிய குளிர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இமயமலை மாதிரி இங்கே தண்ணீர் உறைவதில்லை. மார்கழி, தை மாதங்களில் டெல்டா மாவட்டங்களில் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி வரும், சில நாள் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஆனால் நம்ம குளத்து மீன்கள் வெப்பமண்டலத்து மீன்கள். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டைகள் நன்றாகத் தின்று வளர்வது 25 முதல் 32 டிகிரிக்குள். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் தீனி எடுப்பது வெகுவாகக் குறையும். ஜிலேபி கெண்டை இன்னும் மோசம், 16, 17 டிகிரிக்கு வந்தால் கிட்டத்தட்ட சாப்பாட்டையே நிறுத்திவிடும். 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது, குளிர் அதற்கு ஆகாது. ஆக, நமக்கு இதமாக இருக்கும் மார்கழிக் காலை, விராலுக்கும் கெண்டைக்கும் மந்தமான காலை.

ஒரு நாள் வெயில் ஏன் போதாது?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். காலையில் சுள்ளென்று வெயில் அடித்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒன்றும் விழாது.

காரணம் தண்ணீரின் குணம். ஒரு கன மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், அதே அளவு காற்றைச் சூடாக்குவதற்குத் தேவைப்படுவதைப் போல 3,000 மடங்குக்கும் அதிகம். காற்று ஒரு மணி நேரத்தில் சூடாகிவிடும். குளத்துக்கு நாள் கணக்கில் ஆகும். அதோடு, பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுத்துவிடும். வானம் தெளிவாக இருந்து வாடைக்காற்று வீசும் நாட்களில் பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி பனி கொட்டும், குளம் வாங்கினதை எல்லாம் இழந்துவிடும். அதனால் பகல் வெயிலை மட்டும் பார்த்தால் பத்தாது, ராத்திரியையும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் போர்வை தேவைப்படாத அளவுக்கு ராத்திரி வெதுவெதுப்பாக இருந்து, தொடர்ந்து ரெண்டு மூணு நாள் பகலில் வெயிலும் அடித்தால்தான் குளத்தின் அடி வரை மாற்றம் தெரியும்.

ஆழமும் முக்கியம். ஒரு அடித் தண்ணீரைச் சூடாக்குவதைவிட ஐந்து அடித் தண்ணீரை அதே அளவு சூடாக்க ஐந்து மடங்கு வெயில் வேண்டும். மன்னார்குடி ஹரித்ராநதி, திருவாரூர் கமலாலயம் மாதிரி ஏக்கர் கணக்கில் விரிந்த பெரிய குளங்கள் லேசில் சூடாகாது, லேசில் ஆறவும் ஆறாது. அதுவே வயல் ஓரத்துக் குட்டை, வாய்க்கால் பள்ளம், கோரை முளைத்த கரையோரம் எல்லாம் மதியத்துக்குள் சூடாகிவிடும். ஒரே குளத்துக்குள்ளேயே கூட இந்த வித்தியாசம் உண்டு. வெயில் நேராக விழுகிற, தண்ணீர் குறைவான, சேறு கறுப்பாக இருக்கிற ஓரம்தான் முதலில் சூடேறும். வெயில் கண்ட மீன் அங்கேதான் ஒதுங்கும். பழக்கப்பட்டவர்கள் காலையில் வராமல் பதினோரு மணிக்கு மேல் வந்து, வடக்குக் கரையில் உட்காருவதற்கும் இதுதான் காரணம். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. தெற்குக் கரையில் மரம் இருந்தால் நிழல் தண்ணீரில் விழும். வடக்குக் கரை வெயிலில் குளிக்கும்.

இதையெல்லாம் வெப்பமானி வைத்து யாரும் கற்றுக்கொண்டதில்லை. காலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

விரால் ஏன் மேலே வருகிறது?

விரால், அதாவது பழைய தமிழில் வரால். சங்கப் பாடல்களின் மருத நிலத்தில் வாளை, கெண்டை, ஆரல் எல்லாவற்றோடும் துள்ளுகிற அதே மீன்தான். தெலங்கானா தன் மாநில மீனாகவே இதை அறிவித்திருக்கிறது. காவிரி டெல்டாவில் குளத்து மீன்களில் ராஜா என்று இதைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். முள் குறைவு, ருசி அதிகம், உயிரோடு விற்கலாம் என்பதால் விலையும் அதிகம்.

உயிரோடு விற்க முடிவது எப்படி? பெரும்பாலான மீன்களுக்குச் செவுள் மட்டும்தான் மூச்சு. விராலுக்குத் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றை நேரடியாக இழுத்து மூச்சுவிடும் ஓர் உறுப்பு இருக்கிறது. சந்தையில் ஒரு சாண் தண்ணீரில் பத்து விரால் நெளிந்துகொண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே தொட்டியில் கட்லாவைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் மிதக்கும். இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. விரால் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும், மீனாக இருந்தும்!

இப்போது வெயிலோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் குளிர்ந்து கிடக்கும்போது உடம்பு மெதுவாக ஓடுகிறது, மூச்சும் குறைவாகத்தான் தேவை. அதனால் மேலே வருவது குறைகிறது. தண்ணீர் சூடானதும் உடம்பு வேகமெடுக்கிறது, மூச்சும் அதிகம் தேவைப்படுகிறது, பசியும் எடுக்கிறது. அதனால் அடிக்கடி மேலே வருகிறது. கரையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிகிறது. அது வாய் வைக்கும் இடத்தைப் பார்த்துத் தவளையையோ சிறு மீனையோ கோர்த்துப் போட்டால் போதும்.

குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவையும் இப்படிக் காற்றைக் குடிக்கும் மீன்கள்தான். பனையேறி என்ற பெயருக்குப் பின்னால் நம்ம பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. 1791ஆம் ஆண்டு, டென்மார்க்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடியில் டல்டோர்ஃப் என்ற அதிகாரி, தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் பனைமரத்தில் இந்த மீனைப் பார்த்ததாக எழுதினார். அந்தக் குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாகி, 'மரம் ஏறும் மீன்' என்று உலகமே பேசியது. பறவை கவ்விப் போய் மரத்தில் போட்டிருக்கலாம் என்பது பின்னால் வந்தவர்கள் சொன்ன விளக்கம். மரம் ஏறுகிறதோ இல்லையோ, மழை நாளில் ஈரத் தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போவது உண்மை.

டிரவுட் கணக்கு ஏன் தலைகீழ்?

யூடியூபில் பார்க்கிற டிரவுட் மீன் குளிர் தண்ணீருக்கென்றே பிறந்தது. அதற்குப் பிடித்தது சுமார் 10 முதல் 16 டிகிரி வரை. 20 டிகிரியைத் தாண்டினால் திணறும், 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. நமக்கு மார்கழி விடியற்காலையில் குளிர் என்று தோன்றுகிற தண்ணீர், டிரவுட்டுக்குக் கோடைக்காலம்!

காரணம் ஆக்சிஜன். தண்ணீர் குளிரக் குளிர, அதில் அதிக ஆக்சிஜன் கரையும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராம் ஆகிவிடும். ஓடும் மலை ஓடையில் ஆக்சிஜனுக்குப் பழகிய டிரவுட், வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் பிழைக்காது. குளிர்நாடுகளில் தண்ணீர் 3, 4 டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது மட்டும், வெயில் வந்து அது 6, 7 டிகிரிக்கு ஏறினால் டிரவுட் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். நீர்ப்பூச்சிகளும் அந்த மதிய வெயிலில்தான் பறக்கும், அதைத் தின்ன டிரவுட் மேலே வரும். வெயிலுக்கு மீன் விழிக்கிறது என்ற தத்துவம் ரெண்டு பக்கமும் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு.

தமிழ்நாட்டிலும் டிரவுட் இருக்கிறது, நீலகிரியில். அது தானாக வந்ததல்ல. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1863இல் அங்கே டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். இந்திய மீன்களைப் பற்றிய பெரிய நூலைப் பின்னால் எழுதியவரும் இவர்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் மேற்பார்வையில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்து, வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. அவலாஞ்சி என்றதும் டிவி பார்ப்பவர்களுக்கு மழைதான் நினைவுக்கு வரும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய அதே இடம். மீனுக்கும் வேட்டைக்கும் சேர்த்து 1879இலேயே நீலகிரிக்கென்று தனிச் சட்டம் போட்டிருந்தார்கள் வெள்ளைக்காரர்கள். அவர்கள் தூண்டில் ஆசை அப்படி!

இந்தியாவில் குளிர்காலத்தில் டிரவுட் பிடிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது டிரவுட் முட்டையிடும் காலம். இமாச்சலப் பிரதேசத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி முடியும் வரை டிரவுட் பிடிக்கத் தடை இருக்கிறது. குளிர்கால வெயிலில் டிரவுட் என்பது வெளிநாட்டு வீடியோவோடு நிற்கிற விஷயம்.

வெயில் இல்லாத நாளில் வரும் ஆபத்து

தூண்டில்காரருக்கு மீன் கடிக்காவிட்டால் ஒரு நாள் குழம்பு போச்சு, அவ்வளவுதான். மீன்பாசி குத்தகைக்குக் குளத்தை ஏலம் எடுத்தவருக்கும், வயலை வெட்டிப் பண்ணைக்குட்டை அமைத்தவருக்கும் அப்படி இல்லை. ஒரு வாரக் குளிரில் ஒரு வருஷ முதல் போய்விடலாம்.

முதல் ஆபத்து, மேகமூட்டம். குளத்துக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பாசியிலிருந்துதான் கிடைக்கிறது. பாசிக்கு வெயில் வேண்டும். ரெண்டு மூணு நாள் மூட்டமாகவே இருந்தால் பாசி ஆக்சிஜனைக் கொடுக்காது. ஆனால் ராத்திரியில் மீனோடு சேர்ந்து அதுவும் மூச்சுவிடும். விடியும்போது குளத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். கட்லாவும் ரோகுவும் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளப்பது அப்போதுதான். மீன் மேலே வருகிறதே, விளையாடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. மதியம் வெயிலில் விரால் ஒவ்வொன்றாக மேலே வந்து போவது சுறுசுறுப்பு. விடியற்காலையில் கெண்டைகள் கூட்டமாக மேலேயே நிற்பது மூச்சுத் திணறல். இந்த வித்தியாசம் தெரிந்தால் குளம் பிழைக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் நல்லது, 3க்குக் கீழே போனால் மீன் தவிக்கும்.

இதில் பலரும் செய்கிற தப்பு தீனி. மீன் சரியாக வளரவில்லையே என்று குளிரில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கூடுதலாகப் போடுவார்கள். மந்தமாகக் கிடக்கும் மீன் அதைத் தின்னாது. தின்னாத தீனி அடியில் அழுகும், அழுகுவதற்கு ஆக்சிஜனை இழுக்கும், விடியலில் மீன் சாகும். மூட்டமான நாட்களில் தீனியைக் குறைக்க வேண்டும், தேவைப்பட்டால் நிறுத்தவே வேண்டும். வெயில் வந்ததும், அதுவும் வெயில் ஏறிய பிறகு, கொஞ்சமாகப் போட்டு மீன் எடுக்கிறதா என்று பார்த்துக் கூட்டலாம்.

இரண்டாவது ஆபத்து, புண் நோய். மழை முடிந்து குளிர் பிடிக்கும் நேரத்தில் விரால், குறவை, கெளுத்தி, சின்னக் கெண்டைகளின் உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி வந்து, அது ஆழமான புண்ணாக மாறி, சதை தெரிகிற மாதிரி ஆகிவிடும். தலையே அரித்துப்போன விராலைக்கூடச் சில நேரம் பார்க்கலாம். இதற்குக் காரணம் அஃபனோமைசஸ் இன்வடான்ஸ் என்ற, பூஞ்சையைப் போன்ற நீர் நுண்ணுயிரி. 1971இல் ஜப்பானில் முதலில் தெரியவந்த இந்த நோய், ஆசியா முழுக்கப் பரவி 1988இல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. பின்னர் நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் வந்தது.

ஏன் குளிரில் மட்டும்? தண்ணீர் 18 முதல் 22 டிகிரிக்குள் இருக்கும்போது இந்த நுண்ணுயிரி நன்றாகவே வளரும். ஆனால் அதே வெப்பத்தில் மீனின் நோய் எதிர்ப்புச் சக்தி தூங்கிக்கொண்டிருக்கும். திருடன் விழித்திருக்கிறான், வீட்டுக்காரர் தூங்குகிறார். வெயில் வந்து தண்ணீர் சூடானதும் எதிர்ப்புச் சக்தி எழுந்துகொள்கிறது, லேசான புண் உள்ள மீன்கள் தானாகவே தேறுவதும் உண்டு. தூண்டில்காரரைவிட மீன் வளர்ப்பவர் அந்த வெயிலை ஆவலாக எதிர்பார்ப்பதற்கு இதுதான் காரணம். ஜிலேபி கெண்டைக்கு இந்த நோய் பெரும்பாலும் வருவதில்லை. விலை உயர்ந்த விராலுக்குத்தான் முதல் அடி.

மழை முடியும் நேரத்திலேயே குளத்துக்குச் சுண்ணாம்பு போடுவது, வெள்ளத் தண்ணீரும் வெளி மீனும் உள்ளே வராமல் பார்ப்பது, அடிபட்ட குஞ்சுகளை விடாமல் இருப்பது என்பவை முன்கூட்டியே செய்ய வேண்டியவை. நோய் வந்துவிட்டால், புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'சிஃபாக்ஸ்' என்ற மருந்து இருக்கிறது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஒரு லிட்டர் என்பது அளவு. குளத்தின் பரப்பையும் ஆழத்தையும் அளக்காமல் கைக்கு வந்தபடி ஊற்றக் கூடாது. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ, பக்கத்திலேயே நாகப்பட்டினத்தில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. செத்த மீனை வாய்க்காலில் தூக்கிப் போடுவதுதான் மிகப் பெரிய தவறு. அடுத்த ஊர்க் குளத்துக்கும் நோயைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

சாப்பிடுபவர்களுக்கு ஒரு செய்தி. இந்த நுண்ணுயிரி 37 டிகிரியில் வளராது, மனித உடம்பின் வெப்பமே 37 டிகிரி. அதனால் இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் புண்ணான சதையில் மற்ற கிருமிகள் சேர்ந்திருக்கும் என்பதால் அந்த மீனை வாங்காமல் இருப்பதே சரி. வாங்கும்போது வயிற்றுப் பக்கத்தையும் வால் அடியையும் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஜனவரி 28 என்ன செய்கிறது?

தை மாதத்தில் மீன் அதிகம் விழுவதற்கு வெயில் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி மேட்டூரில் இருக்கிறது.

வழக்கமான ஆண்டில் மேட்டூர் அணை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடப்படும். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிந்து மாவட்டம் முழுக்கப் பாய்ச்சும் தண்ணீர், அணை மூடியதும் கொஞ்சம் கொஞ்சமாக வடியத் தொடங்கும். அதற்கு முன்னாடியே சம்பா அறுவடைக்காக வயல்களில் தண்ணீரை வடித்திருப்பார்கள். மழைக்காலத்தில் வயல், வாய்க்கால், வடிகால் என்று பரவிப் போன மீன்கள் எல்லாம் பள்ளங்களிலும் மதகடியிலும் வந்து சேரும். தண்ணீர் குறைந்த பள்ளம் வெயிலில் சீக்கிரம் சூடாகும். மீன் நெருக்கமாகவும் இருக்கிறது, பசியோடும் இருக்கிறது. வீச்சு வலை, பறி, தூண்டில் எதற்கும் அந்தச் சில வாரங்கள்தான் அறுவடை. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்துப் பறவைகளுக்கும் அதே கணக்குதான்.

இந்த நேரத்தில்தான் பேராசையும் வேலையைக் காட்டும். பள்ளத்தில் பூச்சிமருந்தைக் கலந்து மொத்த மீனையும் மிதக்க வைப்பது, கம்பியில் மின்சாரத்தை இழுத்துத் தண்ணீரில் விடுவது என்று சிலர் இறங்குகிறார்கள். தண்ணீரில் விஷம் கலந்து மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். அந்த மீனைத் தின்பவருக்கும், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மாட்டுக்கும் ஆபத்து. மின்சாரம் வைப்பவர் தன் உயிரையே வைக்கிறார், ஈரக்கரையில் நிற்பவர் யாரானாலும் மின்சாரம் பார்ப்பதில்லை. இப்படிப் பிடித்தால் குஞ்சும் முட்டைக்காரியும் சேர்ந்தே போய்விடும். விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக வைத்துக் காவல் காக்கிற மீன். தாயும் தகப்பனும் போனால் அந்தச் செங்கூட்டம் மொத்தமும் கொக்குக்கும் கெளுத்திக்கும் இரை.

குளிர்காலமே குறைந்தால்?

2025 பிப்ரவரி, 1901ஆம் ஆண்டிலிருந்து வைத்திருக்கும் கணக்கில் இந்தியாவின் மிகச் சூடான பிப்ரவரி என்று இந்திய வானிலை ஆய்வு மையம் சொன்னது. நாட்டின் சராசரி வெப்பம் 22.04 டிகிரி. அதே மாதம் காஷ்மீரில் மழையும் பனியும் பொய்த்து, முகலாயர் காலத் தோட்டத்துக்குப் பேர்போன அச்சபல் ஊற்று வற்றியது. ஊற்றுத் தண்ணீரை நம்பி டிரவுட் வளர்க்கும் பகுதி அது. குளிர்கால வெயில் அங்கே கொண்டாட்டம் இல்லை, கவலை.

டெல்டாவில் இதைக் கேட்டதும் "நமக்கு நல்லதுதானே, புண் நோய் குறையும், மீன் வேகமாக வளரும்" என்று தோன்றலாம். ஒரு பக்கம் சரிதான். இன்னொரு பக்கம், தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், பாசியும் அடர்த்தியாக மண்டும். அப்படிப் பாசி மண்டிய குளத்தில் ஒரே ஒரு நாள் மூட்டம் போட்டாலும் விடியற்காலையில் மீன் மிதக்கும். காற்றைக் குடிக்கும் விரால் தப்பிக்கும், கட்லா தப்பிக்காது. அதனால் வெயில் அடிக்கிற தை மாதத்திலும் குளத்துக்காரர்கள் சூரியன் உதிப்பதற்கு முன்னால் ஒரு முறை கரைக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. மீன் கூட்டமாக மேலே நின்றால் உடனே மோட்டாரைப் போட்டு, தண்ணீரை மேலிருந்து தெளிக்கிற மாதிரி விட வேண்டும். அன்றைக்குத் தீனி போடக் கூடாது.

தூண்டில்காரர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பதினோரு மணிக்கு வடக்குக் கரைக்கு வந்தால் போதும்.